ஃபுல் சிக்னல் இருக்கு... ஆனா வீடியோ சுத்துதா? பக்கத்து வீட்டு வைஃபையோடு காற்றைப் பங்கு போடுவது எப்படி?

ராத்திரி 9 மணி. மொபைலில் வைஃபை ஃபுல்லாகக் காட்டுகிறது. ரௌட்டர் நாலடி தூரத்தில்தான் இருக்கிறது. பிளானும் 100 எம்.பி.பி.எஸ். ஆனாலும் ரீல்ஸ் பாதியில் நின்று வட்டம் சுற்றுகிறது. வீடியோ காலில் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி உறைந்துபோய் நிற்கிறார். ஆனால், காலை 6 மணிக்குப் பாருங்கள்... இதே ரௌட்டர், இதே மொபைல், சும்மா பறக்குது!

உடனே நாம் என்ன செய்வோம்? கஸ்டமர் கேருக்கு போன் போட்டுத் திட்டுவோம். ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். அதுக்கும் சரிவரவில்லை என்றால் 200 எம்.பி.பி.எஸ் பிளானுக்கு மாறுவோம். அடுத்த மாதமும் ராத்திரி 9 மணிக்கு வட்டம் சுற்றும். காசு மட்டும் கூடுதலாகப் போயிருக்கும்.

நெருக்கமான அப்பார்ட்மென்ட்களில் பல நேரம் பிரச்னை, ஒயர் வழியாக வரும் இன்டர்நெட்டில் இருப்பதில்லை. ரௌட்டருக்கும் மொபைலுக்கும் நடுவே இருக்கிற அந்த நாலடிக் காற்றில் இருக்கிறது. அந்தக் காற்றில் நீங்கள் மட்டும் இல்லை. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என எல்லோருடைய ரௌட்டரும் சுவர் தாண்டி வந்து அங்கேதான் பேசிக்கொண்டிருக்கிறது.

ரீல்ஸ் நின்றால் போகட்டும் என்று விடலாம். ஆனால், வேலைக்கான இன்டர்வியூ, ஆன்லைன் எக்ஸாம், ஆபீஸ் மீட்டிங் எல்லாமே அந்தக் காற்றை நம்பித்தான் நடக்கிறது. "நெட் சரியில்ல சார்" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் நம்புவாரா என்ன? அதனால், இது எப்படி வேலை செய்கிறது, காசு செலவில்லாமல் எதைச் சரிசெய்யலாம் என்று பார்த்துவிடலாம்.

ஸ்டீவ் ஜாப்ஸுக்கே வந்த சோதனை!

2010 ஜூன் 7. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆப்பிள் நிறுவனத்தின் விழா. ஐபோன் 4-ஐ அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார் ஸ்டீவ் ஜாப்ஸ். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் ஒரு வெப் பக்கத்தைத் திறந்தார். திறக்கவே இல்லை.

காரணம் என்ன தெரியுமா? அந்த அரங்கத்துக்குள் 570 வைஃபை பேஸ் ஸ்டேஷன்கள் ஓடிக்கொண்டிருப்பதாக மேடையிலேயே சொன்னார் ஜாப்ஸ். பார்வையாளர்கள் கையோடு கொண்டுவந்திருந்த குட்டி குட்டி ஹாட்ஸ்பாட்கள்தான் அவற்றில் பெரும்பாலானவை. எல்லோரும் லேப்டாப்பை மூடி, வைஃபையை ஆஃப் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் டெமோவைத் தொடர முடிந்தது.

ஆப்பிளிடம் இன்டர்நெட்டுக்கா பஞ்சம்? காற்றில்தான் இடம் இல்லை. உங்கள் அப்பார்ட்மென்ட்டில் ராத்திரி நடப்பது இதன் சின்ன சைஸ் ரீமேக்!

லைசென்ஸ் கேட்காத ரோடு

செல்போன் கம்பெனிகள் ஏலத்தில் கோடி கோடியாகக் கொட்டி அலைக்கற்றையை வாங்குகின்றன. அந்த ரோட்டில் அவர்கள் வண்டி மட்டும்தான் போகும். வைஃபை அப்படி இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லப்படும் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். அமெரிக்கா 1985-ல் இதற்குக் கதவைத் திறந்தது. இந்தியாவில் 2005-ல் வந்த விதிகள், குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றன.

இலவச ரோடு என்றால் எல்லோரும் வருவார்கள்தானே? ப்ளூடூத் இயர்பட்ஸ் இங்கேதான் ஓடுகிறது. வயர்லெஸ் மவுஸும் இங்கேதான். கிச்சனில் இருக்கிற மைக்ரோவேவ் அவனும் 2,450 மெகாஹெர்ட்ஸில், அதாவது இந்த ரோட்டின் நட்டநடுவில்தான் சாப்பாட்டைச் சூடு பண்ணுகிறது. யாருக்கும் இங்கே முன்னுரிமை கிடையாது. 'பக்கத்து வீட்டு வைஃபை என் வைஃபையைத் தொந்தரவு செய்கிறது' என்று எந்த ஆபீஸிலும் போய் புகார் கொடுக்கவும் முடியாது.

13 சேனல் இருக்கு... ஆனா மூணுக்குத்தான் இடம்!

இந்த ரோட்டை சேனல்களாகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் 1 முதல் 13 வரை. 'பதிமூணு லேன் இருக்கே, அப்புறம் என்ன?' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

ஒரு சேனலுக்கும் அடுத்த சேனலுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால், ஒரு வைஃபை சிக்னல் பேச வேண்டுமென்றால் குறைந்தது சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். பைக் போகிற அகலத்தில் கோடு போட்டுவிட்டு, அதில் லாரியை ஓட்டச் சொல்கிற கதை. நீங்கள் 6-ம் சேனலில் இருந்தால் 4, 5, 7, 8 எல்லாவற்றின் மீதும் உங்கள் லாரி ஏறித்தான் நிற்கும்.

ஒன்றின் மீது ஒன்று ஏறாமல் நிறுத்த வேண்டும் என்றால் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில்தான் நிறுத்த முடியும். 1-ன் நடுப்புள்ளி 2,412 மெகாஹெர்ட்ஸ், 6-க்கு 2,437, 11-க்கு 2,462. நடுவில் 25 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதால் உரசல் இல்லை.

இந்தக் கணக்கு ப்ளூடூத்தை வடிவமைத்தவர்களுக்கும் தெரியும். குறைந்த மின்சக்தியில் இயங்கும் ப்ளூடூத் 'நான் இங்கே இருக்கேன்' என்று அறிவிப்பதற்குத் தேர்ந்தெடுத்த மூன்று இடங்கள் 2,402, 2,426, 2,480 மெகாஹெர்ட்ஸ். 1, 6, 11-க்கு வெளியேயும் இடையேயும் இருக்கிற சந்துகள்!

எல்லாரும் 1, 6, 11-ல இருக்காங்க... நான் 3-க்குப் போயிடவா?

நிறைய பேர் செய்கிற தவறு இதுதான். கேட்க புத்திசாலித்தனமாக இருக்கும். நடப்பது நேர் எதிர்.

வைஃபைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பேசுவதற்கு முன்பு காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். அவர் முடித்ததும், கொஞ்ச நேரம் விட்டுத் தன் பேச்சைத் தொடங்கும். ஒரே சேனலில் இருக்கிற இரண்டு ரௌட்டர்கள் கல்யாண மேடையில் ஒரே மைக்கை மாற்றி மாற்றி வாங்கிப் பேசுகிற மாதிரி. நேரம் பாதியாகும். ஆனால், பேசுவது எல்லோருக்கும் புரியும்.

நீங்கள் 3-ம் சேனலுக்குப் போனால்? 1-லும் 6-லும் இருப்பவர்களின் சத்தம் அரைகுறையாக உங்கள் காதில் விழும். ஆனால், அது பேச்சு என்றே உங்கள் ரௌட்டருக்குப் புரியாது. வெறும் இரைச்சல். அவர்களுக்கும் உங்கள் பேச்சு இரைச்சல். அதனால், யாரும் யாருக்கும் வழிவிட மாட்டார்கள். ஆடி மாசத்தில் ஒரே தெருவில் இரண்டு கோயில் ஸ்பீக்கர்கள் வேறு வேறு பாட்டு போட்டால் எப்படி இருக்கும்? ரெண்டு பாட்டும் உருப்படியாகக் காதில் விழாதுதானே... அதேதான்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. தன் சேனலில் வருகிற வைஃபை பேச்சு மைனஸ் 82 டி.பி.எம் அளவுக்கு மெலிதாக இருந்தாலும் ரௌட்டர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. புரியாத இரைச்சலாக இருந்தால் மைனஸ் 62 டி.பி.எம் வரை வளர்ந்த பிறகு ஒதுங்கினால் போதும். இந்த 20 டி.பி வித்தியாசம், சக்தியில் 100 மடங்கு. அதாவது, ஒரே சேனலில் இருப்பவருக்குக் காட்டுகிற மரியாதையில் நூறில் ஒரு பங்குதான் அரைகுறையாக உரசுபவருக்குக் கிடைக்கும். மோதிக்கொண்ட தகவல்கள் எல்லாம் திரும்பத் திரும்ப அனுப்பப்படும். வட்டம் சுற்றுவது அப்போதுதான்.

ஆக, நெரிசலான இடத்தில் பக்கத்து வீட்டோடு பாதி உரசுவதைவிட முழுசாக ஒரே சேனலில் இருப்பது பெரும்பாலும் மேல். 3, 4, 8, 9 பக்கம் போகவே வேண்டாம்.

சத்தத்தைக் கூட்டினால் சரியாகிடுமா?

ஆகாது. ரௌட்டரின் பவரை ஏற்றினால் உங்கள் மொபைலில் கோடு கூடும். ஆனால், மொபைலும் திருப்பிப் பேச வேண்டும் இல்லையா? மொபைலின் பேட்டரிக்கும் ஆன்டெனாவுக்கும் ரௌட்டர் அளவுக்கு சக்தி கிடையாது. ரௌட்டர் மைக்கில் கத்துகிறது, மொபைல் கிசுகிசுக்கிறது. கோடு ஃபுல்லாக இருந்தும் வேலை நடக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதோடு, நீங்கள் பவரைக் கூட்டினால் மூன்று வீடு தள்ளி இருப்பவருக்கும் உங்கள் சத்தம் கேட்கும். அவர் பூஸ்டர் வாங்குவார். அவர் சத்தம் உங்களுக்குக் கேட்கும். நீங்கள் இன்னொரு பூஸ்டர் வாங்குவீர்கள். கடைக்காரருக்கு மட்டும் லாபம்!

சும்மா இருக்கிற ரௌட்டரும் சும்மா இருக்காது

யாரும் நெட் பார்க்காத நேரத்திலும் ஒவ்வொரு ரௌட்டரும் நொடிக்குச் சுமார் 10 முறை 'என் பெயர் இது, நான் இங்கே இருக்கேன்' என்று கூவிக்கொண்டே இருக்கும். இதற்கு பீக்கன் என்று பெயர். பழைய கருவிகளுக்கும் புரிய வேண்டும் என்று, 2.4 கிகாஹெர்ட்ஸில் பல ரௌட்டர்கள் இதை மிக மெதுவான 1 எம்.பி.பி.எஸ் வேகத்தில் சொல்கின்றன.

ஒரு பீக்கன் 250 பைட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரு வைஃபை பெயருக்கு மட்டும் சேனலின் நேரத்தில் சுமார் 2 சதவிகிதம் போய்விடும். ஒரே சேனலில் 10 பெயர்கள் இருந்தால்? யாரும் ஒரு வீடியோகூடப் பார்க்காமலே ஐந்தில் ஒரு பங்கு நேரம் காலி! 'கெஸ்ட் வைஃபை' என்று தனியாக ஒன்றை ஆன் பண்ணி மறந்துவிட்டீர்கள் என்றால் அதுவும் தனியாகக் கூவும்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். நிறைய வீடுகளில் ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்தபோது வந்த பெட்டியிலும் வைஃபை ஓடும், பிறகு நாமே காசு கொடுத்து வாங்கிய ரௌட்டரிலும் ஓடும். பழைய பெட்டியின் வைஃபையை யாரும் ஆஃப் செய்வதில்லை. நம் வீட்டுக்குள்ளேயே நமக்கு ஒரு பக்கத்து வீடு!

பிளானை மாற்றும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க

சாதாரண வைஃபை 4 ரௌட்டர், இரண்டு ஆன்டெனா, 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். இதன் உச்சபட்ச வேகம் ஏட்டுக்கணக்கில் 144 எம்.பி.பி.எஸ். கையில் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதிதான். அதையும் அந்தச் சேனலில் இருக்கிற எல்லா வீடுகளோடும் பங்கு போட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இருந்துகொண்டு 200 எம்.பி.பி.எஸ் பிளானுக்கு மாறினால், தெருக்குழாயில் தண்ணீர் சொட்டும்போது வீட்டில் பெரிய டிரம் வாங்கி வைத்த கதைதான்.

5 கிகாஹெர்ட்ஸ்: இடம் அதிகம், ஆனால்...

இப்போது வருகிற பெரும்பாலான மொபைல்களிலும் டூயல் பேண்ட் ரௌட்டர்களிலும் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறது. இந்தியா 2018-ல் இந்தப் பட்டையில் லைசென்ஸ் தேவைப்படாத இடத்தை நன்றாக விரிவாக்கியது. இங்கே 36, 40, 44, 48 ஒரு பக்கம்; 149, 153, 157, 161, 165 இன்னொரு பக்கம். ஒன்றின் மீது ஒன்று ஏறாத ஒன்பது இடங்கள். நடுவில் 52 முதல் 144 வரை இருப்பவை ரேடார்களோடு பங்கு போடுகிற சேனல்கள். அங்கே போகும் ரௌட்டர் முதலில் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கும். ரேடார் சத்தம் கேட்டால் இடத்தைக் காலி செய்துவிடும். அதனால், திடீரென்று சில நொடி இணைப்பு அறுந்தால் பயப்பட வேண்டாம்.

5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். இதைக் குறை என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டு 5 கிகாஹெர்ட்ஸும் உங்கள் சுவருக்கு வெளியிலேயே சோர்ந்துவிடும் இல்லையா? அப்பார்ட்மென்ட்டுக்கு இதுதான் வரம்.

ஆனால், இங்கேயும் ஒரு பேராசை இருக்கிறது. பல ரௌட்டர்களில் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் என்று செட் ஆகி வரும். நாலு இடத்தைச் சேர்த்துப் பிடித்தால்தான் ஸ்பீடு டெஸ்ட்டில் பெரிய நம்பர் வரும். ஆனால், எல்லோரும் 80 பிடித்தால், ரேடார் இல்லாத பகுதியில் மொத்தம் இரண்டே லேன்தான் மிஞ்சும். ஒன்பது வீடு தனித்தனியாக நிற்கக்கூடிய இடத்தில் இரண்டு வீடு கால் நீட்டிப் படுத்த மாதிரி. நெரிசலான பில்டிங்கில் 40 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் நான்கு லேன் கிடைக்கும். ஒரு ஹெச்.டி வீடியோ காலுக்குச் சில எம்.பி.பி.எஸ் போதும், ஸ்பீடு டெஸ்ட் நம்பரை யாருக்குக் காட்டப்போகிறோம்?

6 கிகாஹெர்ட்ஸ் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கா 2020-ல் 1,200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் திறந்துவிட்டது. இந்தியாவில் 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு 2025 மே மாதம் வரைவு விதிகள் வெளியாகின. இதை நம்பி விலை உயர்ந்த ரௌட்டர் வாங்குவதாக இருந்தால், அந்த மாடலில் இங்கே 6 கிகாஹெர்ட்ஸ் வேலை செய்யுமா, உங்கள் மொபைலில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உங்க வீட்டில் இப்போதே செய்து பாருங்க!

1. முதலில் குற்றவாளி யார் என்று கண்டுபிடியுங்கள். நெட் ஸ்லோவாக இருக்கிற அதே ராத்திரி நேரத்தில், லேப்டாப்பை லேன் கேபிளில் ரௌட்டரோடு நேரடியாக இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். கேபிளிலும் ஸ்லோ என்றால் பிரச்னை இன்டர்நெட் கொடுப்பவரிடம். தாராளமாக போன் போட்டுத் திட்டலாம். கேபிளில் நல்ல வேகம், வைஃபையில் மட்டும் ஸ்லோ என்றால் காற்றுதான் காரணம். மேலே படியுங்கள்.

2. அக்கம்பக்கத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் 'வைஃபை அனலைசர்' என்று தேடினால் இலவச ஆப்கள் வரும். எந்தச் சேனலில் எத்தனை பேர், எவ்வளவு சத்தம் என்று மலை மலையாக வரைந்து காட்டும். ஐபோனில் ஆப்பிளின் 'ஏர்போர்ட் யுட்டிலிட்டி' ஆப்பை இறக்கி, செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குள் 'வைஃபை ஸ்கேனர்' என்பதை ஆன் செய்தால் போதும். இதில் தெரிகிற எண்கள் மைனஸில் இருக்கும். மைனஸ் 45 என்றால் காதுக்குள் கத்துகிறது. மைனஸ் 67 வரை வீடியோ காலுக்கு நல்லது. மைனஸ் 85 என்றால் தூரத்துக் கிசுகிசு. இதை ராத்திரியில் பாருங்கள். ரௌட்டர் பக்கத்தில் நின்று ஒருமுறை, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

3. ரௌட்டருக்குள் நுழையுங்கள். ரௌட்டரின் பின்னாடி அல்லது அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 போல ஒரு முகவரியும், லாகின் விவரமும் இருக்கும். அதை பிரவுசரில் போட்டால் செட்டிங்ஸ் திறக்கும். 'வயர்லெஸ்' பகுதிக்குள் 2.4, 5 என இரண்டும் தனித்தனியாக இருக்கும். எதையும் மாற்றும் முன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். குழப்பம் வந்தால் பழையபடி வைத்துவிடலாம்.

4. 2.4-ஐ ஒழுங்குபடுத்துங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். '20/40' அல்லது '40' என்று இருந்தால் 20-க்கு மாற்றுங்கள். சேனல் 1, 6, 11-ல் ஒன்று. மூன்றில் எதில் சத்தமான பக்கத்து வீடுகள் குறைவோ அதை எடுங்கள். எண்ணிக்கையைவிடச் சத்தம் முக்கியம். மைனஸ் 88-ல் இருக்கும் ஐந்து பேரைவிட மைனஸ் 50-ல் இருக்கும் ஒரு ஆள்தான் உங்களுக்கு நெருக்கடி. 'ஆட்டோ' இருக்கிறதே என்று கேட்கலாம். பல வீட்டு ரௌட்டர்கள் ஆன் ஆகும்போது மட்டும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். மதியம் கரன்ட் வந்து ஆன் ஆன ரௌட்டருக்கு ராத்திரி நெரிசல் எப்படித் தெரியும்?

5. முக்கியமான கருவிகளை 5-க்கு அனுப்புங்கள். மொபைல், லேப்டாப், டி.வி மூன்றும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு. ஸ்மார்ட் பல்ப், பிரின்டர், பழைய மொபைல் மாதிரி 2.4 மட்டுமே தெரிந்தவை 2.4-ல் இருக்கட்டும். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தால், எது எதில் இருக்கிறது என்று சட்டெனத் தெரியும்.

6. நகராத பொருளுக்கு ஒயர். டி.வி-யும் டெஸ்க்டாப்பும் நடந்து போகப்போவதில்லை. லேன் கேபிளில் இணைத்துவிடுங்கள். இன்டர்வியூ அன்றைக்கு லேப்டாப்புக்கும் இதேதான். சில மீட்டர் கேபிள் தருகிற நிம்மதியை எந்தப் பூஸ்டரும் தராது.

7. தேவையில்லாததை ஆஃப் பண்ணுங்கள். மறந்துபோன கெஸ்ட் வைஃபை, பழைய பெட்டியின் வைஃபை, மூலையில் செருகிக்கிடக்கும் எக்ஸ்டெண்டர். ரௌட்டரை ஷோகேஸுக்குள்ளும் டி.வி-க்குப் பின்னாலும் ஒளிக்காமல், ஹாலின் நடுப்பக்கம் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். லேப்டாப்பில் யு.எஸ்.பி 3 ஹார்டு டிஸ்க் செருகும்போது மட்டும் வயர்லெஸ் மவுஸ் திக்கினால் ஆச்சர்யப்படாதீர்கள். அதுவும் 2.4-ல் இரைச்சல் கிளப்பும். டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

ஒரே வீட்டில் ரெண்டு ரௌட்டர் வெச்சிருக்கீங்களா?

தனி வீடு, மாடி வீடு, பி.ஜி என்றால் ஒன்று பத்தாது. இரண்டு, மூன்று ஆக்சஸ் பாயின்ட் வைப்பீர்கள். அப்போது கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, கீழே 1 என்றால் மாடியில் 6, அடுத்ததில் 11 என்று சேனலைப் பிரித்து வையுங்கள். இரண்டு, முடிந்தவரை ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுத்துவிடுங்கள். கேபிள் இல்லாத சாதாரண எக்ஸ்டெண்டர் ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பிச் சொல்கிறது. ஒரே தகவலுக்கு இரண்டு முறை காற்றைப் பயன்படுத்துவதால் வேகம் பாதியாகும். மூன்று, பவரை 'ஹை'யில் இருந்து 'மீடியம்' ஆக்குங்கள். இல்லையென்றால் நீங்கள் மாடிக்குப் போன பிறகும் மொபைல் கீழ் வீட்டு ரௌட்டரை விடாமல் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஹாஸ்டல், மேன்ஷனில் இருப்பவர்களுக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்தான் வைஃபை. ஒரு ரூமில் நாலு பேர், நாலு ஹாட்ஸ்பாட். ஜாப்ஸின் அரங்கம் மாதிரிதான்! ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். ஆனில் இருந்தால் அது 2.4-க்கு இறங்கிவிடும். வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைப்பது பேட்டரிக்கும் நல்லது, ரூம்மேட்டுக்கும் நல்லது.

இதெல்லாம் வேலைக்கு ஆகாது!

வைஃபை பெயரை மறைத்து வைத்தால் நெரிசல் குறையும் என்பார்கள். குறையாது. பெயரைச் சொல்லாமலே பீக்கன் கூவிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டை மாற்றினால் உங்கள் நெட்டை ஓசியில் பயன்படுத்துபவர் வெளியேறுவார், அது நல்லதுதான். ஆனால், காற்றில் அவர் ரௌட்டர் போடுகிற சத்தத்துக்கும் உங்கள் பாஸ்வேர்டுக்கும் சம்பந்தம் இல்லை.

கடைசியாக, கொஞ்சம் பேசணும்

மேலே சொன்னதையெல்லாம் செய்தாலும் பாதி வேலைதான் முடியும். ஏனென்றால், நீங்கள் 11-க்கு மாறிய அதே வாரம் எதிர் வீட்டு ரௌட்டரும் 'ஆட்டோ'வில் 11-க்கு வந்து உட்காரலாம். சொந்த ரௌட்டர், சொந்த பிளான். ஆனால், காற்று பொது. தண்ணீர் லாரிக்கும் பார்க்கிங்குக்கும் அப்பார்ட்மென்ட்டில் முறை வைக்கிறோம். வைஃபைக்கும் வைக்கலாம், அதுவும் ஒரு பைசா செலவில்லாமல்.

ஒரு மாடிக்கு மூன்று வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாடியில் வரிசையாக 1, 6, 11. இரண்டாம் மாடியில் 6, 11, 1. மூன்றாம் மாடியில் 11, 1, 6. நான்காம் மாடி மறுபடி முதல் மாடி மாதிரி. இப்படி வைத்தால் பக்கத்து வீட்டிலோ, நேர் மேல் வீட்டிலோ, நேர் கீழ் வீட்டிலோ உங்கள் சேனல் இருக்காது. மூலைவாட்டில் இருப்பவரோடு மட்டும் பங்கு போட வேண்டியிருக்கும். இருப்பதே மூன்று என்பதால் அது தவிர்க்க முடியாதது. தூரமும் சுவரும் அதைக் கொஞ்சம் குறைத்துவிடும். மாடிக்கு நான்கு வீடு என்றால், கடைசி வீட்டுக்கு முதல் வீட்டின் சேனலையே கொடுத்துவிடலாம்.

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமா? இதை அப்படியே காப்பி பண்ணிக்கோங்க:

"எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி ஆனா நம்ம பில்டிங்ல எல்லார் வீட்லயும் வைஃபை ஸ்லோ ஆகுது. எல்லா ரௌட்டரும் ஒரே இடத்துல மோதிக்கிறதும் ஒரு காரணமா இருக்கலாம். வீட்டுக்கு ஒரு சேனல்னு பிரிச்சு ஒரு லிஸ்ட் போட்டிருக்கேன். மாத்துறதுக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும், காசு எதுவும் இல்ல. எப்படி மாத்துறதுன்னு தெரியாதவங்க சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை நானே வந்து மாத்தித் தரேன்."

அந்தக் கடைசி வரி முக்கியம். மேல் வீட்டு ஆன்ட்டிக்கு 192.168 என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரியும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே மாற்றுங்கள். ரௌட்டரின் லாகின் பாஸ்வேர்டு கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்தால், அதையும் அவர் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். அவர் பேரனோடு வீடியோ காலில் தடங்கல் இல்லாமல் பேசும்போது, அவர் ரௌட்டர் உங்கள் இன்டர்வியூவுக்கு வழிவிட்டுக்கொண்டிருக்கும்.